நிறம் தீட்டிய தேசப்படமும் நமது லயன் காம்பராவும்

பிரதேச செயலகத்தின் சுவரில் ஒன்று, பாதுகாப்பு நிலையமாக மாற்றப்பட்ட பாடசாலையின் வாசலில் ஒன்று, பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இன்னொன்று என்று சிவப்பும் செம்மஞ்சளும் மஞ்சளும் தீட்டிய தேசப்படங்கள் இன்று மலையகத்தில் எங்கும் காணக்கிடைக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளில் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் மாட்டுப்பட்டியையும் இழந்து வெளியேறின. அதன் பின்னர் இப்படங்கள் முன்னரிலும் பெருகிவிட்டன. "எங்க தோட்டம் எந்தக் கலர்ல இருக்கு, ஃபாதர்?" என்பதே நாம் செல்லும் இடமெல்லாம் எழுகின்ற கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன், அந்தக் கலரை யார், எதைக் கொண்டு, எப்படித் தீட்டுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. நிவாரணம் எங்கே முதலில் போக வேண்டும், வீட்டுத்திட்டம் எந்தப் பிரிவுக்கு, எந்தச் சரிவுக்குத் திரும்பிப் போகலாம் என்ற தீர்மானங்களை எடுப்போர் பலர் நமது தோட்டத்தை நேரில் கண்டவர்கள் அல்லர். அவர்கள் கண்டது இந்தப் படத்தைத்தான்.

பழைய வித்தை, புதிய கருவி

நாட்டை மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கையைக் கண்டறிந்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வெளிர் நிறமோ அடர் நிறமோ தீட்டுவது இருநூறு ஆண்டு வயதுடைய வித்தை. 1826இல் பிரான்ஸ் நாட்டில் சார்ள்ஸ் துப்பேன் என்னும் அறிஞர், எத்தனை பேருக்கு ஒரு பையன் பாடசாலை செல்கிறான் என்று மாவட்ட வாரியாகக் கணக்கிட்டு, கல்வி குறைந்த இடங்களைக் கருமையாகத் தீட்டி ஒரு படம் வெளியிட்டார். கல்வித் திணைக்களத்தின் பல பக்க அறிக்கைகள் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லிற்று. வடக்கு வெளிச்சம், தெற்கு இருட்டு என்று நாடே பேசத் தொடங்கியது.

அன்று தூரிகையால் செய்ததை இன்று கணனி செய்கிறது. அதற்குரிய செய்நிரல்களுள் பெயர்பெற்ற ஒன்று 'ஆர்'. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் இதனை ஆக்கினர். இருவர் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே என்பதால் அந்த ஓரெழுத்தே பெயராயிற்று. இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். சிறிய சமூக நிலையங்களிலும் இத்தகைய படங்களைத் தயாரிக்க முடிவது இதனால்தான். கணக்குப் படித்த உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவர் சில வாரங்களில் இதைக் கற்றுக்கொள்வார் என்பது எமது அபிப்பிராயம்.

வேலை நடக்கும் முறை இதுதான். கணனிக்கு இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றில் எல்லைகள் இருக்கும்: 25 மாவட்டங்களின் அல்லது பிரதேச செயலகப் பிரிவுகளின் அல்லது நாட்டிலுள்ள பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட கிராம சேவகர் பிரிவுகளின் எல்லைக்கோடுகள். இவை நில அளவைத் திணைக்களத்தின் வேலையிலிருந்து பெறப்படுபவை. ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகமும் இவ்வாறான எல்லைக் கோப்பை இலவசமாக வழங்குகிறது. மற்றக் கோப்பு ஓர் அட்டவணை: ஒவ்வொரு பிரிவின் பெயர், அதன் பக்கத்தில் ஓர் எண். செய்நிரல் முதலில் இவ்விரண்டையும் இணைக்கும். பின்னர் எண்களைச் சில படிகளாக வெட்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் கொடுக்கும். கடைசியில் தீட்டும். தீட்டுவதற்குச் சில விநாடிகள் போதும். அதற்கு முந்திய மூன்று வேலைகளிலும் மனிதர் ஒருவர் தீர்மானம் எடுத்திருக்கிறார். நாம் கவனிக்க வேண்டியது அங்கேதான்.

பெயர் விழாத இடங்கள்

இணைத்தல் என்பது நமக்குப் புதிய விடயமன்று. செக்ரோலில் உள்ள இலக்கமும் சம்பளப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒத்திருந்தால்தான் அன்றைய பெயர் சம்பளத்தில் சேரும். ஓர் இலக்கம் பிழைத்தால் கொழுந்து பறித்தது உண்மையாயினும் பெயர் விழாது. கணனியும் அப்படியே. எல்லைக் கோப்பில் 'நுவரெலியா' என்றும் அட்டவணையில் 'நுவர எலியா' என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றென்று அதற்குத் தெரியாது. ஹட்டன், அட்டன், பொகவந்தலாவ, பொகவந்தலாவை, மீரியபெத்த, மீரியபெத்தை. நமது ஊர்ப்பெயர்கள் மூன்று மொழிகளிலும் பலவாறாக எழுதப்படுகின்றன. தோட்டங்களுக்கோ கம்பெனிப் பெயர் ஒன்று, மக்கள் அழைக்கும் பெயர் இன்னொன்று. பொருந்தாத இடத்தைச் செய்நிரல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ விட்டுவிடும். அனுபவமுள்ளவர் பெயருக்குப் பதிலாக அரசாங்கத்தின் குறியீட்டு இலக்கத்தைக் கொண்டு இணைப்பார். அனுபவமில்லாதவர் அந்த வெள்ளையைக் கவனியாமலே படத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

பார்ப்பவர் வெள்ளையை எப்படி வாசிக்கிறார்? அங்கே பிரச்சினை ஒன்றுமில்லை என்று வாசிக்கிறார். இது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு போர் காரணமாக 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. அந்த ஆண்டின் படங்களில் வடக்குக் கிழக்கின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறிய நமது உறவினர் பலரும் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தார்கள்.

எதை எண்ணுகிறோம்?

அடுத்தது, அட்டவணையிலுள்ள எண் எத்தகையது என்பது. தொகையா, வீதமா? அநுராதபுர மாவட்டத்தின் பரப்பு 7,179 சதுர கிலோமீற்றர். கொழும்பு 699 மட்டுமே. நுவரெலியா 1,741. வெறும் தொகையைக் கொண்டு தீட்டினால், சனம் கூடிய மாவட்டம் எதை எண்ணினாலும் அடர் நிறம் பெறும். அதற்கு மேல், பரந்த நிலப்பரப்புள்ள மாவட்டம் கண்ணைப் பறிக்கும், சிறியது மறையும். ஆகையால் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற வீதத்தைக் கொண்டு தீட்டுவதே முறை. ஆனால் நிவாரண மூடைகளை லொறியில் ஏற்றுபவருக்கு வீதம் போதாது. எத்தனை குடும்பம் என்ற தொகைதான் அவருக்கு வேண்டும். எனவே படத்தோடு அட்டவணையும் இருந்தாக வேண்டும்.

எண்களை வெட்டும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவு ஆய்வின்படி வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர் கொழும்பு மாவட்டத்தில் 2.3 வீதம், நுவரெலியாவில் 26.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம். பூச்சியத்திலிருந்து 45 வரை மூன்று சம படிகளாக வெட்டினால் முதலாவது 15 வரை, இரண்டாவது 30 வரை, மூன்றாவது 45 வரை அமையும். நுவரெலியா நடுத்தர நிறத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக நாட்டின் சராசரியான 14.3 வீதத்தில் ஒரே வெட்டு வெட்டி, மேலே உள்ளவற்றை அடர்த்தியாகவும் கீழே உள்ளவற்றை வெளிறியதாகவும் தீட்டினால், நுவரெலியாவும் முல்லைத்தீவும் ஒரே நிறம் பெறும். எண்ணில் மாற்றமில்லை, பொய்யும் சொல்லப்படவில்லை. ஆயினும் முதற்படத்தைக் காணும் அதிகாரி நம்மைக் கடந்து போவார், இரண்டாவதைக் காண்பவர் நின்று பார்ப்பார். வெட்டை நாம் சொல்லாவிட்டால் செய்நிரல் தானாகவே ஒன்றைத் தெரிவு செய்யும். அந்தத் தெரிவுக்குப் பின்னால் நியாயம் எதுவும் கிடையாது, கணக்குச் சௌகரியம் மாத்திரமே உண்டு.

இரண்டு வருடத்துப் படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது இன்னும் கூடிய எச்சரிக்கை தேவை. 2016 ஆய்வு நாட்டின் வறுமையை 4.1 வீதம் என்றது, 2019 ஆய்வு 14.3 வீதம் என்றது. மூன்று வருடத்தில் நாடு இப்படிச் சரிந்துவிட்டதா? இல்லை. இடையில் கோடே மாறியது. 2016இல் பயன்பட்டது 2002ஆம் ஆண்டின் வாழ்க்கைத் தேவைகளை வைத்து வரைந்த பழைய கோடு. அது ஓர் ஆளுக்கு மாதம் 4,166 ரூபா. 2019இல் பயன்பட்டது 2012/13இன் தேவைகளை வைத்து வரைந்த புதிய கோடு, 6,966 ரூபா. 2022 நெருக்கடியின் பின்னர் அத்தொகை அதன் இருமடங்கையும் தாண்டிவிட்டது. பழைய கோட்டின்படி வெளிறியிருந்த பல மாவட்டங்கள் புதிய கோட்டில் கருத்தன. 4,166 ரூபாவில் ஒருவர் ஒரு மாதம் உண்டு, உடுத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம் என்று எண்ணியவர்கள் எந்தக் கடையில் அரிசி வாங்கினார்களோ என்று தோட்டத்துப் பெண்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சராசரிக்குள் மறையும் மனிதர்

இனி, நம்மை மிகவும் பாதிக்கின்ற விடயத்துக்கு வருவோம். ஒரு பிரிவுக்கு ஒரு நிறம் என்பது, அப்பிரிவில் உள்ள அனைவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஒரு மலையில் நிற்கும் பத்துப் பெண்களில் ஐவர் 24 கிலோவும் ஐவர் 12 கிலோவும் கொழுந்து பறித்தால், சராசரி 18. கணக்கப்பிள்ளை '18' என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குரிய பெண் ஒருத்தியும் அந்த மலையில் இல்லை.

அதே 2019 ஆய்வில், மாவட்டம் என்று பாராமல் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்டபோது வறுமை நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8 வீதமாக இருந்தது. தோட்டத்தில் மூவரில் ஒருவர். நுவரெலியாவில் தோட்ட மக்கள் பெருந்தொகையினர் என்பதால் மாவட்டத்தின் நிறத்திலும் அதன் சாயல் ஓரளவு தெரிகிறது. களுத்துறை, கேகாலை, காலி, மாத்தறை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமது மக்களின் நிலை வேறு. அங்கே அவர்கள் சிறுதொகையினர். மாவட்டத்தின் நிறத்துக்குள் அவர்கள் இருப்பதே தெரியாது. மறுபக்கமும் உண்டு: நுவரெலியா மாவட்டத்திலேயே வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கத்துச் சிங்களக் கிராமத்து விவசாயிகளின் கஷ்டம், தோட்டம், நகரம் எல்லாம் கலந்த ஒரே நிறத்தில் கரைந்துபோகிறது.

பிரிவு பெரிதாகப் பெரிதாக இம்மறைவும் பெரிதாகும். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் 331 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. சனத்தொகை இரண்டு கோடியே மூன்று இலட்சம். பிரிவொன்றுக்குச் சராசரியாக அறுபதாயிரம் பேர் அளவில் வரும். ஆனால் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரிவுகளிலும் தலைக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். மற்ற இடங்களில் மூன்று நிறங்களாகத் தெரிந்திருக்க வேண்டிய வேறுபாடு இங்கே ஒரே நிறமாயிற்று. பின்னர் பிரிவுகள் உடைக்கப்பட்டு, தலவாக்கலை, நோர்வூட், கொத்மலை மேற்கு முதலியவை உண்டாகி, ஐந்து பத்தாயிற்று. இது அலுவலகத்துக்குப் பஸ் ஏறும் தூரத்தைக் குறைத்தது மட்டுமல்ல, நாம் படத்தில் தெரிகின்ற விதத்தையும் மாற்றுகிறது. பழைய படம் ஒன்றை யாராவது காட்டினால் அதில் ஐந்து பிரிவா, பத்துப் பிரிவா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

எண்ணப்படுவதும் கணக்கில் எடுக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதை நமது முன்னோர் கசப்போடு கற்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், 1952இல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் தேர்தல் தொகுதிகளை வகுத்தபோது வாக்கில்லாத தோட்ட மக்களின் தலைகளும் சனத்தொகையில் சேர்க்கப்பட்டன. மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது, மலையகத் தமிழருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குடிசனப் பதிவுக்காக ஊர்விட்டு ஊர் சென்று, தங்க இடமின்றித் தொழுவத்தில் பிள்ளை பெற்ற தாயின் வரலாறு ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நமக்கு வாசிக்கப்படுகிறது. பதிவேடுகளைப் பற்றி நாம் அக்கறை கொள்வதில் ஆச்சரியமில்லை.

'தோட்டம்' என்பதற்கே புள்ளிவிபரத்தில் ஒரு வரைவிலக்கணம் உண்டு: இருபது ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்பும், பத்துக்குக் குறையாத குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தோட்ட எல்லைக்கு வெளியே புதிய குடியிருப்பில் அமர்த்தப்பட்டால், அட்டவணையில் அது 'கிராமம்' ஆகிவிடும். தோட்டத்து வறுமை வீதம் குறையும். அக்குடும்பத்தின் வறுமை அப்படியே இருக்கும்.

மண்சரிவுப் படங்கள் இருவகை

மண்சரிவு விடயத்தில் இருவேறு படங்கள் ஒன்றாகக் குழப்பப்படுவதைக் காண்கிறோம். இரண்டையும் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே. இரண்டிலும் நிறம் உண்டு. ஆனால் நிறத்தின் பொருள் வேறு.

முதலாவது, அபாய வலயப் படம். இவ்வேலை 1990களின் தொடக்கத்தில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே ஆரம்பமானது. அடிப்பாறை, நீரோட்டம், மேல்மண்ணின் தடிப்பு, சரிவின் கோணம், நிலத்தின் வடிவம், நிலப் பயன்பாடு ஆகிய ஆறையும் ஆராய்ந்து, ஒவ்வொரு சரிவுக்கும் அதற்குரிய தரம் கொடுக்கிறார்கள். இங்கே நிறம் நிர்வாக எல்லையைப் பின்பற்றுவதில்லை, மலையைப் பின்பற்றுகிறது. ஒரே தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு நிறமாகவும் கீழ்ப்பிரிவு வேறொரு நிறமாகவும் இருக்கலாம். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த தாளில் நிலத்தின் நூறு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகத் தெரியும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற தாளில் அதே நூறு மீற்றர் இரண்டு மில்லிமீற்றர்தான். ஒரு லயனின் நீளம் பென்சில் கோட்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும். ஆகவே எந்த அளவுப் படம் என்று கேட்பது அவசியம்.

இரண்டாவது, மழைக்கால எச்சரிக்கைப் படம். இது அன்றன்று மாறுவது, பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு நிறம் என்று தீட்டப்படுவது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருத்தல், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாதல், சிவப்பு என்றால் வெளியேறுதல். அடிப்படை மழையே. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதலாவது, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால் மூன்றாவது. பிரிவு முழுவதற்கும் ஒரே நிறம் என்பதால், சிவப்புத் தீட்டிய பிரிவிலுள்ள ஒவ்வொரு சரிவும் விழப்போவதாகப் பொருளில்லை. மஞ்சள் தீட்டிய பிரிவில் உங்கள் லயனுக்கு மேலுள்ள மலை பத்திரமாக இருக்கிறது என்றும் பொருளில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் வட்டவளைப் பக்கமும், அதைவிட மிகக் குறைந்த மழை பெறும் பொகவந்தலாவைப் பக்கமும் பல காலமாக அம்பகமுவ என்ற ஒரே பிரிவுக்குள் ஒரே நிறத்தில் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே உங்கள் மலையின் மழையை நீங்களே அளப்பது நல்லது. அநேக தோட்டங்களில் மழைமானி உண்டு. காலையில் குறித்த அளவைக் கேட்டுப் பெறலாம். அதுவும் இல்லையேல், வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள நேரான பாத்திரம் ஒன்றை மரநிழலும் கூரைத் தண்ணீரும் படாத வெளியில் வைத்து, அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளவுங்கள். ஆழம் எத்தனை மில்லிமீற்றரோ மழையும் அத்தனை. 150 மில்லிமீற்றர் என்பது ஆறு அங்குலம். அந்த அளவு வருமுன்னரே சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த நிறத்துக்காகவும் காத்திராமல் வெளியேறுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். அறிவு இருந்தது, தாளும் இருந்தது. மாற்று நிலமும் மாற்று வீடும் இல்லாமல் 'வெளியேறுங்கள்' என்று சொல்லப்பட்ட தொழிலாளி எங்கே வெளியேறுவார்? வேலை அந்த மலையில், காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பிள்ளையின் பாடசாலை அங்கே. எச்சரிக்கையை அலட்சியம் செய்தார்கள் என்று மக்கள்மீது பழி போட்டவர்களின் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. இன்னொன்றும் அங்கே வெளிப்பட்டது. புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று பல நாட்கள் எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. முதற் செய்திகள் நூற்றுக்கணக்கில் கூறின. இறுதியில் இறந்தோரும் காணாமற் போனோருமாக நாற்பதுக்குக் குறைவு என்றாயிற்று. எந்தக் காம்பராவில் யார் இருந்தார் என்ற திட்டமான பதிவு கைவசம் இல்லாததே இந்தக் குழப்பத்துக்கு இடமளித்தது.

இடம்பெயர்ந்தவரை எந்த இடத்தில் தீட்டுவது?

அனர்த்தத்தின்போது இடர் முகாமைத்துவ நிலையம் வெளியிடும் நிலைமை அறிக்கை, பிரிவு வாரியாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள், முழுமையாகவும் பகுதியாகவும் சேதமான வீடுகள், பாதுகாப்பு நிலையங்களில் இருப்போர் என்று பத்திகளாக அமைந்திருக்கும். அந்தப் பத்தியில் ஒன்றை எடுத்துத் தீட்டுவதே நாம் காணும் படம். இங்கே மூன்று இடங்களில் நமது குடும்பங்கள் தவறிப்போகின்றன.

பாதுகாப்பு நிலையப் பத்தியைத் தீட்டினால், நிறம் விழுவது பாடசாலை உள்ள பிரிவில். நீங்கள் விட்டு வந்த பிரிவு வெளிறிப்போகும். உறவினர் வீட்டிலோ கொழும்பில் வேலை செய்யும் மகனிடமோ தங்கியிருப்போர் இரண்டிலும் விழமாட்டார்கள். அடுத்தது வீட்டுக் கணக்கு. ஒரே கூரையின் கீழுள்ள பத்துப் பன்னிரண்டு காம்பராக்களை ஒரு கட்டிடம் என்று எழுதினால் ஒன்று. குடும்ப வாரியாக எழுதினால் பத்துப் பன்னிரண்டு. கல்யாணமான மகனும் மருமகளும் இஸ்தோப்பை மறைத்துக் குடியிருந்தால் இன்னும் கூடும். ஒரு காம்பராவில் இரு குடும்பங்கள் என்பது நமக்குப் புதினமன்று, ஆனால் அட்டவணைக்கு அது புதினம். மூன்றாவது, பயிர். தோட்டத்து ஓரத்தில் நீங்கள் இட்ட லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. உறுதி கேட்கும் படிவத்தில் அந்தப் பாத்தி பூச்சியம். மாவட்டத்தின் பயிர்ச்சேதப் படத்திலும் பூச்சியம்.

இதற்கு மருந்தாக நாம் பரிந்துரைப்பது ஒரு கொப்பி. ஒவ்வொரு லயனிலும் இளைஞர் இருவர் பொறுப்பெடுத்து, தோட்டத்தின் பெயரை மூன்று மொழிகளிலும், பிரிவு, லயன் இலக்கம், காம்பரா இலக்கம், கிராம சேவகர் பிரிவின் பெயரும் குறியீட்டு இலக்கமும், காம்பராவில் உள்ள குடும்பங்கள், ஆட்கள், இப்போது தங்கியுள்ள இடம், இழந்த பயிரின் பேர்ச்சஸ் அளவு ஆகியவற்றை எழுதி, திகதியிட்டு, கிராம சேவகரிடம் ஒரு பிரதியைக் கையளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தோட்ட விலாசம் ஒன்றே அனைவருக்கும் பொது என்பதால் காம்பரா இலக்கத்தை விடாதீர்கள். அந்தக் குறியீட்டு இலக்கம் கொப்பியில் இருந்தால் எந்தச் செய்நிரலும் உங்கள் கணக்கை எல்லைக் கோப்போடு இணைத்துவிடும்.

கூட்டங்களில் உங்களுக்குப் படம் காட்டப்படும்போது கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். எந்தத் திகதியின் கணக்கு, தொகையா வீதமா, படிகளை எங்கே வெட்டினீர்கள், வெள்ளை என்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய படத்தைப் போட்டோப்பிரதி எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். ஆண்களில் பன்னிருவரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு கண்ணுக்கே சரியாகத் தெரிவதில்லை. ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை தீட்டித் தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிந்தியா புரூவர் இதற்கென்றே வகுத்த நிறவரிசைகள் 'ஆர்' செய்நிரலில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன.

படத்துக்குப் பின்னாலுள்ள அட்டவணையையும், உங்கள் சரிவு பற்றிய அபாய வலயப் படத்தையும் பார்க்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்திலோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூறத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மூலம் கேட்டால், அதை எழுதிக்கொள்ள உதவுவது அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஆளின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலாயின் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். மழைக்காலத்தில் உங்கள் லயனுக்கு மேலுள்ள சரிவைப் பற்றிக் கேட்கும்போது இந்த 48 மணித்தியால ஏற்பாட்டைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிடின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கடிதத்தின் பிரதி ஒன்றையும், ஒப்படைத்த திகதி குறித்த பற்றுச்சீட்டையும் அந்தக் கொப்பிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.